நாட்ச் போட்ட சூப்பர்அலாயில் டி.எம்.எஃப். சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை பேசின் பிரிட்ஜ் கேஸ் டர்பைன் மின் நிலையம் தெரியும்தானே, 30 மெகாவாட் யூனிட் நான்கு, மின்தேவை எகிறும் நேரத்துக்கென்றே வைத்திருப்பவை. இப்படி அடிக்கடி ஏற்றி இறக்கும் டர்பைன்களில் சூடும் விசையும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அதில் வருவதுதான் தெர்மோமெக்கானிக்கல் ஃபடீக் (டி.எம்.எஃப்.), அதாவது சூடும் விசையும் மாறி மாறி ஏறி இறங்குவதால் உலோகம் தளர்ந்து விரிவது. பிளேடின் குளிர்காற்று ஓட்டை, வேர்ப்பகுதி என்று வடிவம் சட்டென மாறும் இடங்களில்தான் விரிசல் பிறக்கும். அதை லேபில் பார்க்கத்தான் பிளேடு செய்யும் சூப்பர்அலாய் (கடும் சூட்டைத் தாங்கும் கலப்புலோகம்) மாதிரியில் நாட்ச், அதாவது ஒரு சிறு வெட்டு, போட்டுச் சோதிக்கிறோம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் இதை ப்ராஜெக்டாக எடுப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நாட்ச்சின் அடியில் உண்மையில் என்ன வெப்பநிலை, என்ன ஸ்ட்ரெய்ன் (நீளம் எத்தனை பங்கு மாறுகிறது) என்று தெரியாமலே சைக்கிளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதலில், உச்ச வெப்பநிலையிலேயே வைத்து ஃபடீக் சோதனை செய்தால் அதுதான் மோசமான நிலை என்று நம்பாதீர்கள். சூடும் விசையும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதுதான் ஃபேஸ். அவுட்-ஆஃப்-ஃபேஸில் சூடாக இருக்கும்போது அமுக்கம், ஆறும்போது இழுப்பு. சூட்டில் அமுக்கம் க்ரீப்பால் (சூட்டில் விசையின் கீழ் உலோகம் மெல்ல நெகிழ்வது) தளர்ந்துவிடும், அதனால் ஆறியதும் இழுவிசை இன்னும் மேலே போகும், சூட்டில் வளர்ந்த ஆக்சைடு படலமும் அப்போது விரியும். இன்-ஃபேஸில் சூட்டிலேயே இழுப்பதால் கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் படிகத் துகள்) எல்லைகளில் சேதம். எது மோசம் என்பது அலாயையும் ஸ்ட்ரெய்ன் அளவையும் பொறுத்து மாறும்.

அதிகம் கெடுவது வெப்பநிலை அளவில்தான். தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை) நாட்ச்சின் அடியிலேயே ஸ்பாட் வெல்டு செய்தால் விரிசல் அந்த வெல்டிலிருந்தே கிளம்பிவிடும், அப்புறம் நீங்கள் சோதித்தது வெல்டை. தள்ளி வையுங்கள்; அங்கே காட்டும் அளவுக்கும் நாட்ச்சின் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு டம்மி மாதிரியில் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். இண்டக்ஷன் காயிலால் சூடாக்கினால், நாட்ச்சைச் சுற்றி மின்னோட்டம் நெருங்கி ஓடி அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சுடலாம். பைரோமீட்டர் (தொடாமல் கதிர்வீச்சை வைத்து வெப்பநிலை அளக்கும் கருவி) என்றால், மேற்பரப்பு ஆக்சைடாக ஆக எமிசிவிட்டி, அதாவது அது கதிர்வீசும் திறன், மாறும், ரீடிங்கும் நகரும்.

வெப்ப விரிவைக் கழிக்க மறக்காதீர்கள். 400-லிருந்து 900 டிகிரி செல்சியஸ் வரை, டிகிரிக்கு மீட்டரில் சுமார் 15 மைக்ரோமீட்டர் விரிந்தாலே 0.75 சதவீதம், நீங்கள் கொடுக்கப்போகும் மெக்கானிக்கல் ஸ்ட்ரெய்னே பெரும்பாலும் அந்த அளவுதான். விசையைப் பூஜ்ஜியத்தில் வைத்துச் சில வெப்பச் சைக்கிள் ஓட்டிப் பார்க்காமல் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். நாட்ச்சைத் தாண்டி மாட்டிய எக்ஸ்டென்சோமீட்டர் (நீள மாற்றத்தை அளக்கும் கருவி) சராசரியைத்தான் காட்டும், அடியில் இருப்பதை அல்ல. அதை எலாஸ்டிக் கே.டி-யால் (நாட்ச்சில் ஸ்ட்ரெஸ் எத்தனை மடங்கு கூடும் என்ற எண்) பெருக்கியும் எடுக்க முடியாது, ஏனென்றால் பிளாஸ்டிசிட்டியும் (திரும்பாத நெகிழ்வு) க்ரீப்பும் சைக்கிளுக்குச் சைக்கிள் ஸ்ட்ரெஸ்ஸை மாற்றிக்கொண்டே இருக்கும். நாட்ச்சின் அடியில் உள்ள ஸ்ட்ரெஸ்ஸையும் ஸ்ட்ரெய்னையும் கணிக்கும் நியூபர் விதி முதல் மதிப்பீட்டுக்குச் சரி, ஆனால் நேரத்தோடு வரும் தளர்வு அதில் இல்லை, அதற்கு எஃப்.இ. (ஃபைனைட் எலிமென்ட்) கணினி மாடல்தான் வழி.

ஃபேஸை, மெஷினுக்குக் கொடுத்த கட்டளையை வைத்து நம்பாதீர்கள், பதிவான வெப்பநிலையைப் பாருங்கள். சைக்கிளை வேகமாக்கினால் மாதிரியின் சூடு பின்தங்கும். விரிசலை பொட்டென்ஷியல் டிராப்பில் (மின்னோட்டம் செலுத்தி மின்னழுத்த மாற்றத்தால் விரிசலை அறிவது) கவனித்தால், சைக்கிளின் ஒரே வெப்பநிலைப் புள்ளியில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடுங்கள், மின்தடை வெப்பத்தோடு மாறுமே. ஈ.டி.எம். (மின்பொறியால் வெட்டும் முறை) வெட்டு விடும் உருகி உறைந்த அடுக்கும் ஆயுளைக் குறைக்கும், நாட்ச்சை எப்படி வெட்டினீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

எண்ணூர் மாதிரி கடலோரத்தில் இன்னொன்று உண்டு: காற்றோடு உள்ளே போகும் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட்டாகிப் பிளேடை அரிக்கும். லேபின் சுத்தமான காற்றில் எடுத்த ஆயுளை அங்கே ஓடும் டர்பைனுக்கு அப்படியே சொல்லிவிடாதீர்கள்.