தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும்: சாட்பாட் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் பேச்சுப் போட்டிக்காக, நட்பைப் பற்றி ஐந்து குறள் வேண்டும் என்று சாட்பாட்டிடம் (சாட்ஜிபிடி மாதிரி, கேட்டால் எழுதிப் பதில் சொல்லும் செயலி) கேட்டிருந்தார். கேட்டபடியே ஐந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் குறள் எண், கீழே இரண்டு வரியில் பொருள். அதைப் பார்த்து வெள்ளைத்தாளில் அழகாக எழுதியும் வைத்துவிட்டார். என்னிடம் காட்டியபோது மூன்றாவது குறளில் கண் நின்றது. பழந்தமிழ் போலத்தான் இருந்தது, எதுகைகூட இருந்தது. ஆனால் சீர்களை எண்ணினால் ஒன்பது வந்தது. குறளுக்கு நான்கும் மூன்றுமாக ஏழு சீர்தான். புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். நட்பு 79ஆவது அதிகாரம். 781 முதல் 790 வரை மொத்தமே பத்துக் குறள். அந்த மூன்றாவது குறள் அதில் இல்லை. பக்கத்து அதிகாரங்களிலும் தேடினோம், அங்கும் இல்லை.

அக்கா கேட்டது நல்ல கேள்வி. “மத்த நாலும் சரியாத்தானே இருக்கு? இதை மட்டும் ஏன் தப்பாச் சொல்லுது?”

சாட்பாட்டுக்குள் புத்தக அலமாரி எதுவும் இல்லை. கணக்கில்லாத பக்கங்களைப் படிக்கவைத்து, இந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லோரும் எழுதி எழுதித் தேய்ந்த குறள் என்றால், அது அதன் படிப்பில் ஆயிரம் முறை வந்திருக்கும். அப்படியே வெளியே வரும். அவ்வளவாக எடுத்தாளப்படாத குறள் என்றால், குறள் மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடும். அதைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. அடுத்த சொல், அடுத்த சொல் என்று போவது.

நம் பேச்சில் இதை ‘அடித்து விடுவது’ என்போம். ஆனால் மனிதர் ஒருவர் அடித்து விட்டால் நமக்குத் தெரிந்துவிடும். குரல் கொஞ்சம் தடுமாறும், கண் வேறு பக்கம் போகும், “அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்று இழுப்பார். சின்ன வயதிலிருந்தே இந்த அடையாளங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சாட்பாட்டின் பதிலில் பெரும்பாலும் இந்த அடையாளம் இருப்பதில்லை. சரியான பதிலும் தவறான பதிலும் ஒரே நிதானத்தோடு, ஒரே நல்ல நடையில் வந்து நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் விழுவது இங்கேதான். நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதால் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில், ஏவியான்கா விமான நிறுவனத்தின் மேல் ஒரு பயணி போட்டிருந்த வழக்கில், அவருடைய வழக்கறிஞர் தாக்கல் செய்த மனுவில் பல முன்தீர்ப்புகள் மேற்கோளாக இருந்தன. அவற்றில் ஆறு நடக்காத வழக்குகள். சாட்ஜிபிடி கட்டிக் கொடுத்தவை. அவர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞர். அவர் சரிபார்க்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. “இது உண்மையான வழக்குதானா?” என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். ஆமாம், சட்டத் தரவுத்தளங்களில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

சொன்னவரிடமே “நிஜமா?” என்று கேட்பது சரிபார்ப்பு ஆகாது. இதன் மறுபக்கமும் உண்டு. சரியான பதிலைச் சொல்லியிருக்கும்போது நீங்கள் “இல்லையே, தப்பு மாதிரி இருக்கே” என்றால், உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தவறான பதிலுக்கு மாறிவிடுவதும் நடக்கிறது.

சாட்பாட்டின் நினைவிலிருந்து கேட்காதீர்கள், கையில் கொடுத்துக் கேளுங்கள்

என் கருத்தில் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு இதுதான். சாட்பாட்டை விஷயம் தெரிந்தவராக நினைத்துக் கேட்கிறோம். அதற்குப் பதிலாக, விஷயம் உள்ள தாளை அதன் கையில் கொடுத்து வேலை வாங்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆபத்து குறையும்.

மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். “கண்புரை அறுவைக்குக் காப்பீடு எப்போது கிடைக்கும்?” என்று சும்மா கேட்டால், பொதுவாக இவ்வளவு ஆண்டு என்று ஒரு பதில் வரும். அது வேறு நிறுவனத்தின் விதியாக இருக்கலாம், பழைய விதியாகவும் இருக்கலாம். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பாலிசியின் பிடிஎஃப்-ஐ ஏற்றிவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “இந்த ஆவணத்தில் கண்புரை அறுவைக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று இருக்கிறது? அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டவும், எந்தப் பக்கம் என்றும் சொல்லவும். இதில் இல்லை என்றால் இல்லை என்று மட்டும் சொல்லவும்.”

இந்தக் கேள்வியில் மூன்று காரியம் நடக்கிறது. பதில் எங்கிருந்து வர வேண்டும் என்று எல்லை போட்டாயிற்று. வரியையும் பக்கத்தையும் கேட்டதால், நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடத்தில் ஒத்துப் பார்க்கலாம். ‘இல்லை’ என்று சொல்ல வழி வைத்ததால், எதையாவது இட்டு நிரப்பும் கட்டாயம் அதற்குக் குறைகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாளைப் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மங்கிய அச்சில் 3ஐ 8 என்று படித்துவிடலாம்.

வங்கியின் கடன் ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், அரசாணை, பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். அக்காவும் அடுத்த தடவை அதைத்தான் செய்தார். அதிகாரத்தின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்து, “இந்தப் பத்தில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுத்து, பள்ளிக்கூடத்தில் நடக்கிற உதாரணத்தோடு விளக்கவும்” என்றார். வந்தது உண்மையிலேயே நன்றாக இருந்தது. குறள் புத்தகத்திலிருந்து வந்துவிட்டது, விளக்குகிற வேலை மட்டும்தான் சாட்பாட்டுக்கு. அந்த வேலையில் அது கெட்டி.

மொட்டையாகக் கேட்பது

“தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு எழுதித் தரவும்.” இப்படிக் கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்துகிற, எந்த ஊருக்கும் உதவாத மனு ஒன்று வரும். ‘பெருமதிப்பிற்குரிய’ என்று தொடங்கி, பெயர் இடுக, நாள் இடுக என்று அடைப்புக்குறிகளோடு முடியும். அதிகாரிக்கு வேண்டியது எந்தத் தெரு, கம்பத்தில் எழுதியிருக்கும் எண் என்ன, எத்தனை நாளாக எரியவில்லை, ஏற்கெனவே புகார் கொடுத்தீர்களா என்பதுதான். அவை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதலில் இவற்றை ஒழுங்கில்லாமல் ஆனாலும் சரி, பேசுகிற மாதிரியே கொட்டிவிடுங்கள். யாருக்கு எழுதுகிறீர்கள், அரைப் பக்கமா ஒரு பக்கமா என்றும் சொல்லுங்கள். முன்பு நீங்கள் எழுதி வேலை நடந்த பழைய மனு இருந்தால் அதையும் ஒட்டி, “இந்த நடையில் வேண்டும்” என்று கேளுங்கள்.

என்ன சொல்வது என்றே தெரியவில்லையா? “இதை எழுத உனக்கு என்னென்ன தெரிய வேண்டும், என்னிடம் ஒவ்வொன்றாகக் கேள்” என்று தொடங்கலாம். இதைப் பலர் முயன்று பார்ப்பதே இல்லை.

கேள்வியில் ‘தானே’ இருந்தால்

“இந்த இடத்தில் டீக்கடை போட்டால் நன்றாக ஓடும்தானே?” என்று கேட்டால் ஓடும் என்பதற்குத்தான் காரணங்கள் வரும். “இங்கே கடை ஓடாதுதானே?” என்றால் ஓடாது என்பதற்கும் அதே அளவு காரணங்கள் வரும். கேட்கிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து அந்தப் பக்கமே சாய்வது இவற்றின் சுபாவம். மனிதர்கள் பாராட்டிய பதில்களை வைத்துப் பழக்கும்போது, முகத்துக்கு நேரே நல்லதாகச் சொல்கிற பழக்கமும் சேர்ந்து வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு எதற்கெடுத்தாலும் அளவுக்கு மீறிப் புகழ ஆரம்பித்து, அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

எனவே முடிவை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். “இந்த இடத்தில் டீக்கடை போட யோசிக்கிறேன். நஷ்டம் வரக் காரணமாக இருக்கக்கூடிய ஐந்தைச் சொல்லவும். முடிவெடுக்கும் முன் நான் நேரில் போய் எதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும்?” இதற்கு வருகிற பதில் உங்களை வெயிலில் அலைய வைக்கும். ஆனால் பணத்தைக் காப்பாற்றும். இது உங்கள் யோசனை என்றே சொல்லாமல், “நண்பர் ஒருவர் இப்படி யோசிக்கிறார், எங்கே பிசகும்?” என்று கேட்டாலும் பதில் இன்னும் நேராக வரும்.

இணைப்பு கொடுத்திருக்கிறது என்பதால்

இப்போதைய சாட்பாட்கள் இணையத்தில் தேடி, கீழே இணைப்புகளும் தருகின்றன. முன்பைவிட இது பெரிய முன்னேற்றம்தான். நேற்றைய செய்தி, இந்த ஆண்டின் கட்டணம், தேர்வுத் தேதி போன்றவற்றை இணையத்தில் தேடாமல் சொன்னால் நம்பவே கூடாது. பழக்கி முடித்த நாளோடு அதன் படிப்பு நின்றுவிட்டது. தேடிச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் தேடிவிட்டது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். 2024 மே மாதம், பீட்சாவில் சீஸ் ஒட்டமாட்டேன் என்கிறதே என்று தேடியவர்களுக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலக்கலாம் என்று கூகுளின் ஏஐ பதில் சொன்னது. ரெட்டிட் தளத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ வேடிக்கைக்காக எழுதியதை எடுத்துக் கொடுத்திருந்தது.

ஏர் கனடா விமான நிறுவனத்தின் விஷயம் இன்னும் நெருக்கமானது. பாட்டி இறந்துபோய் அவசரமாகக் கிளம்பிய ஒருவரிடம், துக்கத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று அந்த நிறுவனத்தின் இணையதளத்துச் சாட்பாட் சொன்னது. அந்தப் பதிலிலேயே ஒரு இணைப்பும் இருந்தது. அந்த இணைப்பு போன பக்கத்தில், பயணத்துக்குப் பிறகு சலுகை கிடையாது என்று எழுதியிருந்தது. வழக்கு நடந்து, 2024 பிப்ரவரியில் பயணிக்குப் பணம் கொடுக்கும்படி தீர்ப்பாயம் சொன்னது, நியாயம்தான். அவர் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்திருந்தது உதவியது. ஆனால் எல்லோராலும் ஒன்றேகால் வருடம் அலைய முடியாது. இணைப்பைத் திறந்து அந்த வரி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தமிழில் கேட்கும்போது

இவை படித்ததில் ஆங்கிலம் மலையளவு என்றால் தமிழ் கைப்பிடி அளவு. அதனால் தமிழில் கேட்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும்போது பல்லும் பாலும் ஒரே மாதிரி ஆகிவிடும். குழந்தைக்குப் பல் வலி என்று கேட்டவருக்குப் பால் பற்றிய அறிவுரை வந்தால் குற்றம் யார் மேல்? தமிழ் எழுத்தில் அடியுங்கள், முடியாவிட்டால் குரலில் சொல்லிவிட்டு, திரையில் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். மருந்து, சட்டம், கணினி சம்பந்தமான கேள்விகளில் பெயரை மட்டும் ஆங்கிலத்திலேயே, அட்டையில் உள்ளபடி எழுத்துக்கூட்டிக் கொடுப்பது நல்லது. முக்கியமான கேள்வி என்றால் ஆங்கிலத்திலும் ஒருமுறை கேளுங்கள். இரண்டு பதிலும் முரண்பட்டால் மூலத்தைத் தேட வேண்டிய இடம் அது என்று தெரிந்துவிடும்.

நம் ஊர் அளவைகளிலும் ஜாக்கிரதை. மூன்று கிரவுண்ட் எத்தனை சென்ட் என்று கேட்டால், விடையை மட்டும் வாங்காமல் வழியையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 7,200ஐ 435.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.53 சென்ட். வழி தெரிந்தால் போனில் இருக்கும் கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

எதைக் கொடுக்கக் கூடாது

தாளைக் கையில் கொடுங்கள் என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு வேலி வேண்டும். 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் ரகசியக் கணினி நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்த நிறுவனம் இப்படிப்பட்ட கருவிகளையே தன் கணினிகளில் தடை செய்தது. நம் வீட்டில் அது ஆதார் அட்டையாக, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமாக இருக்கும். இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி விளக்கம் கேட்பதில் பயன் உண்டு. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தயாராகப் போகலாம். (மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மட்டும் மருத்துவர் வாயால் வர வேண்டும்.) போட்டோ எடுக்கும் முன் பெயர், போன் எண், நோயாளி எண் இருக்கும் மேல்பகுதியை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிடுங்கள். எண்களும் அளவுகளும் தெரிந்தால் போதும். செயலியின் அமைப்புகளில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு விருப்பம் பெரும்பாலான செயலிகளில் இருக்கும். அதை அணைத்து வைக்கலாம்.

அப்புறம், ஒரே உரையாடலில் சமையல், மகனின் கணக்குப் பாடம், மாமாவின் நிலப் பிரச்சினை என்று எல்லாவற்றையும் கலக்காதீர்கள். பழையது புதியதில் கசியும். இடையில் ஒரு தவறான பதில் வந்து அதன் மேலேயே பத்துக் கேள்வி கேட்டிருந்தால், திருத்தித் திருத்தி மல்லுக்கட்ட வேண்டாம். புதிய உரையாடலைத் திறந்து, இதுவரை சரி என்று உறுதியானதை மட்டும் மேலே எழுதி, கேள்வியை மறுபடி கேளுங்கள்.