காலபோகக் காவலுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் சோலார்

வன்னியில் சோலார் பூட்டும் பலர் கோடை வெயிலை நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள். பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வயலில் இராத்தங்க வேண்டியதோ மாரி நெற்செய்கையான காலபோகத்தில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வானம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். அடைமழை நாளில் கோடையில் கிடைப்பதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே கணக்கை மாரிக்குப் போடுங்கள், கோடை தானாகச் சரிவரும்.

முதலில் தேவையை எழுதுங்கள். தறப்பாள் கூரை போட்ட பெட்டியில் இரண்டு பேர் தங்கினால், 5 வாற் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு 6 மணித்தியாலம் எரிய 60 வாற் மணி. 15 வாற் டி.சி. ஃபான் 8 மணித்தியாலம் ஓட 120. மூன்று போன் சார்ஜ் செய்ய 45. ரோச்சுக்கும் ரேடியோவுக்கும் 35. மொத்தம் 260 வாற் மணி. மாரியில் ஒரு நாளுக்கு முழு வெயில் 3 மணித்தியாலம் என்றும், வயரிலும் சூட்டிலும் பற்றறியிலும் 30 சதவீதம் போய்விடும் என்றும் வைத்துக்கொண்டால், 260 ÷ (3 × 0.7) = 124. கடையில் கேட்க வேண்டியது 150 வாற் பனல்.

பற்றறி வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க வேண்டும், அதாவது 520 வாற் மணி. ஈய அமிலப் பற்றறியில் பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையும் என்பதால் 12 வோல்ற், 100 அம்பியர் மணி தேவை. லித்தியம் இரும்பு பொஸ்பேற் என்றால் 80 சதவீதம் எடுக்கலாம், 50 அம்பியர் மணி ஏறத்தாழப் போதும். முன்னதன் பாரம் 30 கிலோ அளவு, பின்னது 6 கிலோ அளவு. வரம்பிலும் பள்ளத்திலும் குலுங்கிப் போகும் பெட்டிக்கு, காசு கூடினாலும், லித்தியமே நல்லது. ஈய அமிலம்தான் வாங்க முடியுமென்றால் அதைப் படுக்கும் இடத்துக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஐதரசன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். வெளியே, காற்றோட்டமுள்ள மூடிய தனிச் சிறு பெட்டியில், பட்டி போட்டு இறுக்கிவையுங்கள். உழவு இயந்திரத்தின் சொந்தப் பற்றறியை இந்த வேலைக்குக் கழற்றுவது வீண். அது ஸ்ராட் எடுக்கச் செய்தது, தகடுகள் மெல்லியவை. இரவிரவாக இழுத்தால் ஒரு போகத்திலேயே செத்துவிடும்.

பனலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக் கூரைக்கு வரும் 550 வாற் பனல் வாற் கணக்கில் மலிவு என்று வாங்கி, பனலுக்கும் பற்றறிக்கும் இடையில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சாதாரண பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலரில் 12 வோல்ற் பற்றறிக்குக் கொடுத்தால் ஏறத்தாழ 170 வாற்தான் வரும். அந்தப் பனல் 40 வோல்ற்றுக்கு மேலே 13 அம்பியர் தருவது. கொன்ட்ரோலர் அந்த வோல்ற்றைப் பற்றறியின் 13க்கு இழுத்து இறக்கிவிடும், அம்பியர் அதிகரிக்காது. எதையும் இணைக்காதபோது பனல் காட்டும் பெரிய வோல்ற் (திறந்த சுற்று வோல்ற்) சிறிய கொன்ட்ரோலரை எரித்தும் விடலாம். 36 செல் உள்ள 18 வோல்ற் பனலுக்கு 20 அம்பியர் பி.டபிள்யூ.எம். போதும். அதைவிடப் பெரியதற்கு, மேலதிக வோல்ற்றை அம்பியராக மாற்றிக் கொடுக்கும் எம்.பி.பி.ரி. கொன்ட்ரோலர் கட்டாயம்.

பெட்டி பாலை மரத்து நிழலில் நிற்கட்டும், பனல் வெயிலில் நிற்க வேண்டும். ஒரு கிளையின் நிழல் சில செல்களில் விழுந்தாலே பனலின் பெரும்பகுதி படுத்துவிடும், ஏனெனில் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஆகவே பனலைக் கூரையில் பூட்டாமல் தனிக் காலில் தெற்கு நோக்கி 15 பாகை சரிவில் வைத்து, 10 மீற்றர் வயர் இழுங்கள். இந்த வயரில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் போக வர 20 மீற்றருக்கு 1.2 வோல்ற்றுக்கு மேல் விழும். உச்சி வெயிலில் சூடேறிய பனல் 18 வோல்ற்றிலிருந்து 15க்குக் கிட்ட இறங்கியிருக்கும். மிஞ்சுவது 14. பற்றறி நிரம்ப 14.4 வேண்டும். வெயில் கொளுத்தியும் பற்றறி நிரம்பவில்லை என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் அரை வோல்ற்தான் விழும். விளக்குக்கும் ஃபானுக்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போதும்.

பூட்டும்போது முதலில் பற்றறி, பிறகு பனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது மறுதலையாக. பற்றறி இல்லாமல் பனலை மட்டும் கொடுத்தால் சில கொன்ட்ரோலர்கள் பழுதாகும். பற்றறியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். எலி வயரைக் கடித்துக் குறுஞ்சுற்று ஏற்பட்டால் தறப்பாளும் வைக்கோலும் பற்றாமல் காப்பது அதுதான்.

கொன்ட்ரோலரில் பற்றறி வகையைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். பற்றறி இறங்கும்போது விளக்கைத் தானாக நிறுத்தும் வோல்ற் பலவற்றில் 10.7 ஆக வைக்கப்பட்டிருக்கும். ஈய அமிலத்துக்கு அது மிகத் தாழ்வு, 11.8க்கு உயர்த்துங்கள்.

இன்வேட்டர் இல்லாமல் சமாளியுங்கள். சும்மா போட்டுவைத்தாலே 10 வாற் குடிக்கும் இன்வேட்டர் ஒரு நாளில் 240 வாற் மணியைத் தின்றுவிடும், உங்கள் முழுத் தேவைக்குக் கிட்ட. போனுக்கு 12 வோல்ற் யூ.எஸ்.பி. சொக்கற் போதும். இன்வேட்டர் வயரை யானை வேலிக் கம்பியில் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது சட்டவிரோதம், யானைக்கு முன் விடியற்காலையில் தண்ணீர் கட்ட வரும் மனிதர் சாவார். வேலிக்கு, விட்டுவிட்டு மின் கொடுக்கும் அதற்கென்ற துடிப்பு மின் கருவியே வேண்டும்.

அடைமழை நீண்டால் உழவு இயந்திரத்தால் சார்ஜ் பண்ணலாம், ஆனால் நேரே வயர் கொடுத்து அல்ல. என்ஜின் நின்றதும் இரண்டு பற்றறியும் ஒன்றாக வடிந்து காலையில் ஸ்ராட் எடுக்காது. ஈய அமிலத்துக்கு, என்ஜின் நின்றதும் இரண்டு பற்றறியையும் பிரிக்கும் ரிலே போடுங்கள். லித்தியத்துக்கு, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் இல்லாமல் தொடாதீர்கள், அது இழுக்கும் மின்னோட்டத்தில் என்ஜினோடு சுற்றி மின் தரும் ஓல்ரனேற்றர் சூடாகி எரியும்.

ஒரு மல்ரிமீற்றர் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். மத்தியானம் பனலைக் கழற்றி அளந்தால் 20 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால் இணைப்புகளைப் பாருங்கள், பச்சை படிந்திருக்கும். சில மணித்தியாலம் சும்மா விட்ட ஈய அமிலப் பற்றறி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. சார்ஜ் ஏற்றியும் 10.5இல் நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. லித்தியத்தில் வோல்ற்றைப் பார்த்து மிச்சத்தை மதிப்பிட முடியாது. கொன்ட்ரோலருக்குள் எறும்பு கூடுகட்டும், துளைகளுக்கு நுண்வலை ஒட்டுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் பனல் வயரைக் கழற்றிவிடுங்கள்.

அறுவடை முடிந்து பெட்டியை வீட்டுக்கு எடுத்தபின், ஈய அமிலப் பற்றறியை முழுதாக நிரப்பி மாதம் ஒருமுறை மேல்சார்ஜ் கொடுங்கள். பாதியில் விட்டால் தகட்டில் சல்பேற் உறைந்து அடுத்த காலபோகத்துக்கு உதவாது. லித்தியத்தைப் பாதியளவில், வயர்களைக் கழற்றி, வெயில் படாத அறையில் வையுங்கள்.