பழத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது? கைப்பேசி ஒளியில் ஓர் எளிய சோதனை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனைக்கு வேண்டியது காலடியிலேயே கிடக்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்த பழுத்த பழம் ஒன்று, பச்சையான பால்மர (ரப்பர் மர) இலை ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று. கைப்பேசியில் திரை முழுவதும் ஒரே நிறமாக இருக்கும் நான்கு படங்களையும் சேமித்துக்கொள்ளுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்.

முதலில் அறையை இருட்டாக்குங்கள். இரவில் செய்வது நல்லது. கதவிடுக்கையும் துணியால் அடைத்துவிடுங்கள். வெள்ளை ஒளி சிறிது கலந்தாலும் சோதனை கெட்டுவிடும்.

அடுத்து, தாளின் மீது பழத்தையும் இலையையும் வைத்துச் சிவப்புத் திரையை அருகில் பிடியுங்கள். தாளும் பழமும் சிவந்து பளிச்சென்று தெரியும். இலை கறுத்துவிடும். பச்சைத் திரைக்கு மாற்றுங்கள். இலை தெளியும், பழம் மங்கும். நீலத்தில் தாள் மட்டும் நீலமாக நிற்க, மற்ற இரண்டும் இருண்டுவிடும். இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்குகிறது. பழத்தின் கரோட்டின் என்ற நிறமி நீலத்தையும் பச்சையில் ஒரு பங்கையும் விழுங்குகிறது.

ஆகவே, பழத்திடம் சிவப்பு என்று ஒன்று தங்கியிருக்கவில்லை. ஒவ்வோர் அலைநீளத்திலும், அதாவது ஒவ்வொரு நிற ஒளியிலும், தன்மீது விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்பும் என்ற அளவுதான் அதனிடம் உள்ளது. அதுவே எதிரொளிப்புத் திறன். விழாத ஒளியை எந்தப் பொருளாலும் திருப்பி அனுப்ப முடியாது.

இனி கண்ணின் பங்கு. எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மஞ்சள் படத்தைத் திறந்து, திரையில் குண்டூசித் தலை அளவு தண்ணீர்த் துளி ஒன்றை வையுங்கள். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். உள்ளே உற்றுப் பாருங்கள்: சிவப்பும் பச்சையுமான புள்ளிகள்! மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இராது. நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவை ஏறக்குறைய 420, 530, 560 நானோமீட்டர் ஒளிக்கு அதிகமாகத் தூண்டப்படுகின்றன. மூளை நிறத்தை அறிவது இந்த மூன்றின் தூண்டலுக்கிடையே உள்ள விகிதத்தைக் கொண்டே. விகிதம் ஒரே மாதிரி இருந்தால், வெவ்வேறு ஒளிக் கலவைகளும் ஒரே நிறமாகத்தான் தெரியும்; திரையின் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகத் தெரிவது அப்படித்தான்.

கடையின் குழல்விளக்கில் பொருந்திய சேலையும் ரவிக்கைத் துணியும் வெயிலில் பிரிந்து தெரிவது இதனால்தான். இரண்டின் சாயங்களும் வேறு. அந்த ஒரு விளக்கின் கீழ் மட்டும் கண்ணுக்குள் விகிதம் ஒத்துப்போயிருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள். இரவில் மண்டபத்தில் உடுத்தும் சேலையென்றால், அங்குள்ளதைப் போன்ற விளக்கின் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.