அணுகுண்டுச் சோதனையின் நினைவாக ஒரு மரப்படகைக் கரையில் காப்பது எப்படி?

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் வலு 15 மெகாடன். தூளான பவளப்பாறை, சூரை பிடிக்கப் போயிருந்த ஜப்பானிய மரப்படகு ‘தாய்கோ ஃபுகுரியூ மாரு’ மேல் கதிரியக்கம் ஏறிய வெள்ளைச் சாம்பலாகக் கொட்டியது. படகில் 23 பேர். அவர்களில் வானொலித் தொடர்பைக் கவனித்த குபோயாமா ஐகிச்சி அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் இறந்தார். 1967-இல் கழித்துக் கட்டப்பட்ட அந்தப் படகை மக்கள் மீட்டார்கள். 1976 முதல் டோக்கியோவில் கூரைக்குள் நிற்கிறது. அந்த மீனவர்களை நினைத்து நாகையிலோ வேதாரண்யத்திலோ ஒரு பழைய மரப்படகை நிறுத்த விரும்பும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு இது.

படகு வரும் முன்பே கூரை தயாராக வேண்டும். உப்பு நீரைத் தாங்கிய மரத்தை மழைநீர்தான் கெடுக்கும். உப்பு கழுவிப் போன இடத்தில் பூஞ்சை ஏறும். கூரையின் விளிம்பு படகைத் தாண்டி இரண்டு மீட்டராவது நீளட்டும். 2018-இல் கஜா புயல் வந்து போன கரை இது. தகரத்தை நன்றாக முடுக்கிக் கட்டுங்கள். சுவர் எழுப்பி அடைக்க வேண்டாம், காற்று ஓட வேண்டும்.

டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கான்கிரீட் அடித்தளம் இல்லாமல் கட்டை வைத்தால் ஒருபுறம் இறங்கி, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை வளையும். ஒரு மீட்டருக்கு ஒரு கட்டை போட்டு முழு எடையையும் ஏராவிலேயே இறக்குங்கள். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டும். அவையும் பலகைக்கு உள்ளே விலா எலும்பு போல நிற்கும் விலாச்சட்டம் இருக்கும் இடத்தில்தான். வெறும் பலகையில் முட்டுக் கொடுத்தால் பலகை உள்வாங்கும்.

பெரும்பாலானோர் தவறுவது உலர்த்துவதில். வெயிலில் விட்டால் பலகை பிளக்கும். முதல் சில மாதம் கீற்றால் மறைத்து, ஈரச் சாக்கு போர்த்தி, மெல்ல உலர விடுங்கள். இடுக்கு விரியத்தான் செய்யும். அதைக் கெட்டியான பூச்சால் அடைத்துவிட்டால் ஐப்பசியில் ஈரக்காற்று பட்டுப் பலகை உப்பும்போது இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும். பஞ்சுத் திரியைத் தளர்வாக வைத்தால் போதும். ஃபைபர் போர்த்துவது அதைவிடக் கேடு: ஈரம் உள்ளே சிக்கி மரம் மட்கும்.

பூஞ்சைக்கும் கரையானுக்கும் 100 லிட்டர் வெந்நீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து, மரத்தில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அடியுங்கள். ஈரத்தோடுதான் அது உள்ளே இறங்கும். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்காதீர்கள். துருவைத் தேய்த்துப் பூச்சுக் கொடுங்கள். அதன் பக்கத்தில் செம்பு ஆணி அடித்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

இன்ஜின், சுக்கான் எதையும் விற்க விடாதீர்கள். ஜப்பானியப் படகின் இன்ஜின் தனியாக விற்கப்பட்டு, வேறொரு கப்பலோடு மூழ்கி, 1996-இல்தான் கடலிலிருந்து எடுக்கப்பட்டது.

தகவல் பலகையின் முதல் வரியிலேயே, இது அந்தப் படகு அல்ல, அந்த மீனவர்களின் நினைவுக்காக நிறுத்திய நம் ஊர்ப் படகு என்று எழுதுங்கள்.