சூடா எதுவும் பிளாஸ்டிக்ல பட வேணாம்: அடுப்படியில எதை முதல்ல மாத்தணும்

ஞாயித்துக்கிழமை காலைல ஹோட்டல்ல இட்லி பார்சல் வாங்குவோம்ல, சாம்பாரை கொதிக்க கொதிக்க ஒரு மெல்லிசு கவர்ல ஊத்தி, வாயை ஒரு சுத்து சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு குடுப்பாங்க, சூடு தாங்காம நுனியை மட்டும் பிடிச்சுகிட்டு வீட்டுக்கு வந்து, கவரை ஓட்டை போட்டு கிண்ணத்துல ஊத்தி சாப்பிடுவோம். அப்புறம் மதியம் உக்காந்து பிள்ளைக்கு லஞ்ச் பாக்ஸ் ஆன்லைன்ல தேடும்போது மட்டும் "பிபிஏ ஃப்ரீ"ன்னு, அதாவது பிபிஏங்கற கெமிக்கல் இல்லன்னு, போட்டிருக்கான்னு கண்ணாடி போட்டு பாப்போம். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தேன். அதனால இதை எழுதுறேன், எந்த பிளாஸ்டிக்கை முதல்ல விடணும், எதை அப்புறம் பாத்துக்கலாம்னு. ஒரே நாள்ல எல்லா டப்பாவையும் தூக்கிப் போடுங்கன்னு சொல்ல மாட்டேன், அப்படி போட்டா மளிகை சாமான் எல்லாம் தரையிலதான் கிடக்கும்.

முதல்ல விஷயம் எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்குங்க, மீதியை நீங்களே கணக்கு போட்டுக்கலாம். பிளாஸ்டிக்ல அது வளையுறதுக்கு, நிறத்துக்கு, வெயில்ல வெடிக்காம இருக்கறதுக்குன்னு பல கெமிக்கல் சேப்பாங்க. இதுல நிறைய சாமான் பிளாஸ்டிக்கோட ஒட்டிப் பிறந்தது இல்ல, சும்மா கலந்து கிடக்குது. ஆறின கேசரியை திரும்ப சூடு பண்ணா நெய் கசியும் பாருங்க, அதே கதைதான். சூடு கசிய வைக்கும், எண்ணெய் இழுத்துக்கும், புளிப்பும் உப்பும் தன் பங்குக்கு வேலை பாக்கும், ரொம்ப நேரம் உள்ள கிடந்தா இன்னும் கூடும், டப்பா பழசாகி கீறல் விழுந்திருந்தா கேக்கவே வேணாம். இப்ப யோசிங்க, சூடு, எண்ணெய், புளி, உப்பு, இதெல்லாம் இல்லாத சமையல் நம்ம வீட்டுல எது?

பிபிஏங்கறது பாலிகார்பனேட்டுன்னு சொல்ற கண்ணாடி மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் செய்ய பயன்படுத்துறது. உடம்புக்குள்ள போனா ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி நடிக்கும். அமெரிக்காவுல சின்சினாட்டி பல்கலைக்கழகத்துல 2008ல பாலிகார்பனேட் பாட்டில்ல கொதிக்கிற தண்ணி ஊத்தி பாத்தாங்க, சாதா தண்ணியை விட 55 மடங்கு வரைக்கும் வேகமா பிபிஏ வெளிய வந்துச்சு. இந்தியாவுல 2015ல பால் பாட்டிலுக்கு பாலிகார்பனேட் கூடாதுன்னு, பொருளுக்கெல்லாம் தரம் நிர்ணயிக்கிற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸோட தரத்துலயே எழுதிட்டாங்க. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல, ஒருத்தர் ஒரு நாளைக்கு இவ்வளவு பிபிஏ வரை தாங்கலாம்னு தான் முன்னாடி சொல்லியிருந்த அளவை 20,000 மடங்கு குறைச்சுது. ஆனா இந்த "பிபிஏ ஃப்ரீ" ஸ்டிக்கரை பாத்து ரொம்ப குஷியாகாதீங்க. சில கம்பெனிங்க பிபிஏவை எடுத்துட்டு அதோட பங்காளி பிபிஎஸ்ஸை போடுறாங்க, அதுவும் ஹார்மோன்ல கை வைக்கிற ஜாதிதான்.

சரி வேலைக்கு வருவோம். முதல் மாத்தம், சூடா இருக்கற எதுக்கும் பிளாஸ்டிக் கிடையாது. பார்சல் வாங்கப் போனா தூக்கு வாளியோ டிபன் கேரியரோ எடுத்துட்டுப் போங்க. எங்க அப்பா காலத்துல எல்லாரும் அப்படித்தான் போனாங்க, ஒருத்தரும் கௌரவக் குறைச்சலா நினைக்கல. நான் மொத தடவை எவர்சில்வர் தூக்கோட போனப்ப கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு, மூணாவது தடவை ஒரு கரண்டி சாம்பார் சேத்தே ஊத்துனாரு. வண்டியில எப்பவும் ஒரு தூக்கு கிடந்தா போதும், மறந்துட்டேன்னு சாக்கு சொல்ல முடியாது.

டீயும் இதே கணக்குதான். பேப்பர் கப்புன்னா நல்லதுன்னு நினைக்கிறோம், ஆனா உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இல்லன்னா அது டீயில ஊறிப் போயிடும். கரக்பூர் ஐஐடியில 2020ல பாத்தது, 100 மில்லி சூடான தண்ணி அந்த கப்புல 15 நிமிஷம் இருந்தா சுமார் 25,000 பிளாஸ்டிக் துகள் கலக்குதாம். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேருந்து பிளாஸ்டிக் பூச்சு பூசின கப்புக்கும், சாப்பாடு கட்டுற பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் தடை இருக்கு, கடையில பாத்தா தடை இருக்கற மாதிரியா தெரியுது? கிளாஸ்ல குடுங்கண்ணேன்னு கேட்டு வாங்கிக் குடிங்க. நின்னு குடிக்க அஞ்சு நிமிஷம் ஆகும், ஆகட்டுமே.

இட்லியும் தப்பல. பெங்களூர்ல சில ஹோட்டல்ல இட்லித் தட்டுல துணிக்கு பதிலா பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஆவியில வேக வெக்கிறாங்கன்னு 2025 பிப்ரவரியில கர்நாடக சுகாதாரத்துறை கண்டுபிடிச்சு தடை போட்டுச்சு. வீட்டுல நமக்கு வேட்டித் துணி இருக்கு, இல்லன்னா எண்ணெய் தடவுங்க, அவ்வளவுதான்.

கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு கொஞ்சம் நின்னு சொல்லணும். பாலிகார்பனேட் போயி இப்ப பால் பாட்டில் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக்ல வருது, பிபிஏ இல்ல, ஆனா சூட்டுக்கு துகள் உதிருது. டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல 2020ல பாத்தப்போ சில பாட்டில்ல லிட்டருக்கு ஒன்னரை கோடிக்கும் மேல துகள் வந்துச்சு, தண்ணி சூடாக சூடாக எண்ணிக்கை ஏறிச்சு. அந்த துகள் குழந்தையை என்ன பண்ணும்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு, அதுக்காக பயந்து நடுங்க வேணாம், செய்யுற முறையை மாத்துனா போதும். தண்ணியை எவர்சில்வர்ல கொதிக்க வெச்சு, பவுடர் பாலை எவர்சில்வர் இல்ல கண்ணாடி பாத்திரத்துலயே கலக்கி, குடிக்கிற சூட்டுக்கு ஆறினதும் பாட்டில்ல ஊத்துங்க, பாட்டிலுக்குள்ளயே சுடுதண்ணி ஊத்தி குலுக்காதீங்க. கண்ணாடி பாட்டில்னா இன்னும் நிம்மதி. பாலாடையில, அதான் சங்குல, பால் குடுக்கற பாட்டிங்களை இனிமே கிண்டல் பண்ணாதீங்க.

ரெண்டாவது மாத்தம் எண்ணெயும் புளிப்பும். ஊறுகாய், புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு தொக்கு, இட்லிப்பொடில குழைச்ச நல்லெண்ணெய், இதெல்லாம் மாசக்கணக்குல டப்பாவுல உக்காந்திருக்கும். இதுங்களை பீங்கான் ஜாடிக்கோ கண்ணாடி பாட்டிலுக்கோ மாத்துங்க, காசு ஒன்னும் ஆகாது, காலியான ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில் போதும். மூடி பிளாஸ்டிக்கா இருந்தா பரவால்ல, ஊறுகாய் மூடியில முட்டாம இருந்தா சரி. செக்கு எண்ணெய் வாங்குறவங்க சொந்தமா எவர்சில்வர் கேன் கொண்டு போங்க, பெரும்பாலான செக்குல ஊத்திக் குடுப்பாங்க.

என்கிட்ட ஒரு டப்பா இருந்துச்சு, ஒரு தடவை சூடு ஆறாத புளியோதரையை போட்டு மூடி வெச்சேன், மூடி கோணிகிச்சு, மஞ்சக்கறை ஏறிச்சு, வெயில்ல காய வெச்சு, எலுமிச்சம்பழம் தேச்சு, என்னென்னமோ பண்ணியும் போகல. மஞ்சள் உள்ள போக வழி இருந்தா உள்ள இருக்கறது வெளிய வரவும் வழி இருக்கும்ல. இது விஞ்ஞானம் இல்ல, என் சொந்தக் கணக்கு, ஆனா கறை பிடிச்ச, கீறல் விழுந்த, பிசுபிசுன்னு ஆன டப்பாவை சாப்பாட்டு வேலையிலேருந்து ரிட்டயர் பண்ண எனக்கு இந்த கணக்கு போதும்.

மைக்ரோவேவ் பத்தி ஒரே வரி. "மைக்ரோவேவ் சேஃப்"னா டப்பா உருகாது, வளையாதுன்னு அர்த்தம், ஒன்னுமே சாப்பாட்டுல இறங்காதுன்னு அர்த்தம் இல்ல, பீங்கான் தட்டுல போட்டு சூடு பண்ணுங்க.

டப்பாவை திருப்பி அடியில பாத்தா முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 5 பாலிபுரொப்பிலீன், 2ம் 4ம் பாலிஎத்திலீன், மளிகை சாமான் ஆறின நிலையில போட்டு வெக்க இது மூணும் ஓரளவு பரவால்ல. 1 பெட், தண்ணி பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில், அதை திரும்பத் திரும்ப வருஷக்கணக்கா ஃபிரிட்ஜுல வெச்சு குடிக்காதீங்க, சுடுதண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. 3 பிவிசி, இதை இளக வெக்க தாலேட்டுன்னு ஒரு கெமிக்கல் சேப்பாங்க, புது ரெயின்கோட்டு, டேபிள் ஷீட்டு பிரிச்ச உடனே மூக்குல ஏறுற வாசனை இருந்தா சந்தேகப்படுங்க, பிள்ளைங்க வாயில வெக்கிற மெத்து மெத்துன்னு இருக்கற மலிவு பொம்மையை அந்த வாசனையோட வாங்காதீங்க. 6 தெர்மாகோல் ரகம், இதுல இருக்கற ஸ்டைரீனை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2018ல "புத்துநோய் வர வாய்ப்பு உள்ளது"ங்கற லிஸ்டுல போட்டுச்சு. 7ங்கறது "மத்தது எல்லாம்", பாலிகார்பனேட் இதுலதான் ஒளிஞ்சிருக்கும். தண்ணி கேன் சிலது இந்த ரகம்தான், அதனால கேன் போடுற பையன்கிட்ட வெயில்ல நிக்கிற கேனை வேணாம்னு சொல்லுங்க, வாங்கினதும் எவர்சில்வர் குடத்துலயோ மண்பானையிலயோ ஊத்தி வெச்சுக்குங்க. நம்பரே இல்லாத டப்பான்னா அதுக்கு பருப்பு கூட போட வேணாம், துணி கிளிப்பு போடுங்க.

கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி பத்தி 2024ல பெரிய சத்தம் ஆச்சு, பழைய எலக்ட்ரானிக் சாமானை உருக்கி செய்யறதால தீப்பிடிக்காம தடுக்கறதுக்கு சேக்கற கெமிக்கல் அதுல இருக்குன்னு ஒரு ஆய்வு வந்துச்சு. அப்புறம் பாத்தா அதுல ஒரு பெருக்கல் தப்பு, பாதுகாப்பு அளவை பத்து மடங்கு கம்மியா போட்டுட்டாங்க, திருத்தம் வெளிவந்துச்சு. கெமிக்கல் இருக்கறது உண்மைதான், நியூஸ்ல சொன்ன அளவுக்கு இல்ல. நான் கரண்டியை மாத்திட்டேன், மரக்கரண்டி விலை கம்மி, சூடான எண்ணெயில பிளாஸ்டிக் கரண்டியை விட்டு வளைக்கிற வேலையும் இல்ல.

கடை பில்லு, ஏடிஎம் சீட்டு வழவழன்னு இருக்கும்ல, அதுல பெரும்பாலும் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ பூசியிருக்கும். சானிடைசர் போட்ட ஈரக் கையோட பிடிச்சா தோல் வழியா அதிகமா ஏறுதுன்னு 2014லயே பாத்தாச்சு, வாங்கி மடிச்சு பர்ஸுல போட்டுட்டு போங்க, குழந்தை கையில விளையாட குடுக்காதீங்க.

பிளாஸ்டிக்கை விட்டு ஓடி வேற குழியில விழவும் கூடாது. புளிக்குழம்பை அலுமினியத்துல வெச்சு ராத்திரி பூரா மூடி வெக்காதீங்க. ஈயச்சொம்புல ரசம்னு ஆசைப்பட்டா அது வெள்ளீயமா இருக்கணும், காரீயம் கலந்திருந்தா அது விஷம், தெரிஞ்ச கடையில மட்டும் வாங்குங்க. வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், ரசம் ஊத்தாம காலியா அடுப்புல வெக்காதடின்னு ஆத்தாமாருங்க திட்டுறதுக்கு காரணம் அதுதான்.

ஒதுக்கின டப்பாவுல ஆணி, பட்டன், விதை, மாத்திரை அட்டை எதை வேணா போடுங்க. ஆனா வெந்நீர் அடுப்பு பத்த வெக்க பிளாஸ்டிக் கவரை திணிக்கிற பழக்கம் மட்டும் இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க, அதோட பிவிசியும் கலந்து எரிஞ்சா டையாக்சின்னு ஒரு விஷம் வரும், மேல சொன்ன அத்தனையையும் விட மோசமான சரக்கு அது, பக்கத்துல குந்தியிருக்கற நம்ம மூக்குலதான் முதல்ல ஏறும். அடுப்புக்கு தேங்காய் மட்டை போதும், கவரை கழுவி ஒரு சாக்குல சேத்து வெச்சு குப்பை வண்டியில தனியா குடுத்துடுங்க.