ஈறில் இரத்தம் கசியும்போது பல் துலக்குவது எப்படி?

துப்பிய நுரை இளஞ்சிவப்பாக வந்த அன்று, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற பற்களைத் துலக்கினேன். மூன்று வாரம் அப்படியே ஓடியதில், கீழ்வரிசை முன்பற்களின் ஈறு நாக்குப் பட்டாலே கசியும் அளவுக்கு வீங்கிவிட்டது. கசிகிற இடத்துக்குத்தான் பிரஷ் அதிகம் தேவை என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாப் படலம் ஒன்று படிகிறது. அதை அகற்றாமல் விட்டால் ஈறு அழற்சியுற்றுச் சிவந்து வீங்குகிறது. எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து படலமும் சில நாள்களிலேயே காரையாக இறுகத் தொடங்குகிறது. எச்சில் சுரப்பிகளின் வாய் நாக்கின் அடியில் திறப்பதால், கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் காரை முந்திக்கொண்டு படியும். இறுகிய காரை பிரஷ்ஷுக்கு அசையாது. பல் மருத்துவரிடம் சென்று ஸ்கேலிங், அதாவது கருவியால் காரையை நீக்கும் சுத்திகரிப்பு, செய்துகொள்ள வேண்டும்.

முதலில் பிரஷ். மென்மையான நாரும் சிறிய தலையும் கொண்டதாக இருக்கட்டும். கடின நார் பிரஷ்ஷை யார் பரிந்துரைத்தாலும் நான் வாங்குவதில்லை.

அடுத்தது நான் தடுக்கி விழுந்த படி. நாரைப் பல்லின் நடுவில் நேராக வைத்துத் தேய்த்தால் பல் பளிச்சிடும், விளிம்பில் உள்ள படலமோ அப்படியே இருக்கும். பிரஷ்ஷை ஏறக்குறைய 45 பாகை சாய்த்து, நார்முனைகள் ஈறு விளிம்பை நோக்குமாறு, அதாவது மேல்வரிசைக்கு மேல்நோக்கியும் கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கியும் வைக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு பற்களாக, இடம் பெயராமல் சிறு அதிர்வுபோல அசைத்துவிட்டு நகர வேண்டும். முஷ்டியாகப் பிடித்தால் அழுத்தம் கூடிவிடும் என்பதால், பேனாவைப் போலப் பிடிக்கிறேன். முன்பற்களின் உட்புறத்துக்கு மட்டும் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கண்ணாடி பார்த்துச் செய்தபோதுதான், அத்தனை ஆண்டுகளும் அந்த இடத்தை நான் தொட்டதே இல்லை என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம்.

பல்லிடுக்குக்கு, இடைவெளி இடம்கொடுத்தால், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை (ஃபிளாஸ்) விட இடைப்பல் பிரஷ் என்ற சிறிய பிரஷ்ஷே எனக்குப் பிடிக்கும். நூல்தான் நுழையும் என்றால், அதைப் பல்லைத் தழுவி வளைத்து மேலும் கீழும் இழுக்கவும். வெடுக்கென்று இறக்கினால் ஈறு கிழியும். முதல் சில நாள்கள் இரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்திவிட வேண்டாம். எனக்குப் பத்தாம் நாளில் நின்றது.

வெதுவெதுப்பான உப்பு நீர் வலிக்கு இதமளிக்கும், ஆனால் படலத்தை அகற்றாது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும் என்பதால், மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டுமே அதை வைத்துக்கொள்ளவும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்களில் ஒருவர், ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா என்று கேட்டிருந்தார். ஆடச் செய்வது ஸ்கேலிங் அன்று. காரையை ஒட்டி நீடித்த அழற்சியால் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், காரை நீங்கியதும் அந்த ஆட்டம் தெரியவரும். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியலாம். கர்ப்பகாலத்திலும், சர்க்கரை கட்டுப்படாதபோதும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுக்கும்போதும் கசிவு கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பார்க்கவும். சீழ், காய்ச்சல், முக வீக்கம் இருந்தாலோ, உடலில் காரணமின்றிக் கன்றிய தடங்கள் தோன்றினாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.