மலைக் குடியிருப்புக்கு மோட்டார் இல்லாமல் ஓடைத் தண்ணீர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணையைச் சுற்றியும் கோதையாற்று மலைகளிலும் உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகள் பல, அணை நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்கின்றன. அணைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், வீட்டுக்கு வராது. மோட்டார் வைத்து ஏற்றினாலும் மரம் விழுந்து கம்பி அறுந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். குடியிருப்புக்கு மேலே ஓடும் ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் இழுத்துவிட்டால் இறக்கமே தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். ஆனால் இழுத்த ஓஸ் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாமல் போவதும் உண்டு. ஓடையில் தண்ணீர் இருக்கும்போதே குழாய் காய்ந்து கிடக்கும். காரணம் பெரும்பாலும் காற்று, மண், வெயில் ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

ஊற்றைத் தேர்ந்தெடுக்க மார்ச் மாதம் போங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலும் நவம்பரிலும் எல்லா ஓடையும் நிறைந்து ஓடும். அந்த நேரத்து அளவு ஒன்றுக்கும் உதவாது. பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்கில், 12 வீட்டில் 60 பேர் இருந்தால் தேவை 3,300 லிட்டர். கோடை ஓட்டத்தில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி காட்டு உயிர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் உரியது.

பக்கத்து ஓடை ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிவந்தால், 200 மீட்டர் ஓஸ் கூடுதலாகப் பிடித்தாலும் தோட்டத்துக்கு மேலே போய் எடுப்பதே நல்லது. மழைக்கு முன் இலையுதிர்வு நோய்க்கு அடிக்கும் செம்புக் கலவையும் களைக்கொல்லியும் முதல் மழையில் ஓடைக்கு வரும். இவை கொதிக்க வைத்தாலும் போகாது.

ஓஸ் போகும் வழி காட்டு நிலம் என்றால் அனுமதி வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் குடிநீர்க் குழாய்க்கு இடம் இருக்கிறது. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். கிராம சபையும் பரிந்துரைக்க வேண்டும். ஓஸ் இழுக்க மரமே வெட்ட வேண்டியிராது. தீர்மான நகலோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

அடுத்தது மட்டம். போன் காட்டும் உயரம் பத்து இருபது மீட்டர் தவறலாம், அதை நம்ப வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, அளவு குறித்த இரண்டு கம்புகளோடு இரண்டு பேர் ஊற்றிலிருந்து இறங்கிவாருங்கள். ஒவ்வொரு எட்டிலும் எவ்வளவு இறங்கியது என்று எழுதிக் கூட்டுங்கள். வழியில் எந்த இடமும் ஊற்று மட்டத்துக்கு மேலே ஏறக் கூடாது. 500 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் இறக்கம் கிடைத்தால் 32 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பாலித்தீன்) ஓஸில் நிமிடத்துக்கு 25 முதல் 30 லிட்டர் வரும். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ ஓஸ் 40 மீட்டர் இறக்கம்வரைதான் தாங்கும். அதற்கு மேல் இறக்கம் இருந்தால் ஆறு கிலோ ஓஸ் வாங்குங்கள், அல்லது நடுவில் திறந்த தொட்டி ஒன்று வைத்து அழுத்தத்தை உடையுங்கள். கீழே வால்வை மூடும்போதுதான் முழு அழுத்தமும் ஓஸில் ஏறும், ஓடிக்கொண்டிருக்கையில் வெடிக்காத ஓஸ் அப்போது வெடிக்கும்.

ஊற்றில் ஓஸின் வாயை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு வராதீர்கள். கல்லும் சிமென்டும் வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டுங்கள். அடியில் ஒரு அடைப்பு வைத்த குழாய் இருக்கட்டும், மண்ணைத் திறந்துவிட அதுதான் வழி. தண்ணீர் எடுக்கும் குழாய் தரையிலிருந்து அரை அடி மேலே, நீர்மட்டத்துக்கு அரை அடி கீழே நிற்க வேண்டும். அதன் முனையை மூடி, பக்கங்களில் 5 மி.மீ. துளை நூறு போட்டு, கொசுவலையை இரண்டு சுற்று கட்டுங்கள். முப்பது துளையே ஓஸின் வாய்க்குச் சமம்தான். ஆனால் சருகு ஒட்டிப் பாதிக்கு மேல் அடைத்தாலும் ஓட்டம் குறையாமலிருக்க நூறு வேண்டும்.

அங்கிருந்து பத்து மீட்டர் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்றை மண் தங்குவதற்கு வையுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, எதிர்ப்பக்கம் மேல்மட்டத்தில் வெளியேற வேண்டும். அடியில் கழுவிவிட ஒரு வால்வு, டிரம் நிறைந்தால் வழிய ஒரு குழாய். இந்த டிரம் இல்லாத லைனில் மழைக்காலத்து மண் பள்ளமான இடத்தில் இறுகி அடைத்துக்கொள்ளும், பிறகு ஓஸை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி காற்று. மேடு ஏறி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும், அந்த மேட்டின் உச்சியில் காற்று சிக்கி நிற்கும். அங்கே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, திறந்து மூட அரை இஞ்சு வால்வு ஒன்றை வையுங்கள். லைனை முதலில் நிரப்பும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, சீறல் நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூடிக்கொண்டே இறங்குங்கள். பள்ளமான இடங்களில் கழுவிவிட ஒரு டீயும் மூடியும் போதும்.

கறுப்பு ஓஸ் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். வெப்பம் 20 டிகிரி மாறினால் 100 மீட்டர் ஓஸ் 30 முதல் 40 செ.மீ. வரை மாறும். விறைப்பாக இழுத்துக் கட்டிய ஓஸ் நள்ளிரவில் ஜாயின்டை விட்டுக் கழன்றுபோவது இதனால்தான். பாம்பு போல வளைத்துத் தளர்வாகப் போடுங்கள், முடிந்த இடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். யானைத் தாரை கடக்கும் இடத்தில் இரண்டு அடி ஆழம் வேண்டும், அங்கே ஜாயின்ட் வரவே கூடாது. பாறைமேல் புதைக்க முடியாத இடத்தில் ஜனவரி கடைசிக்குள் சருகை ஒரு மீட்டர் அகலத்துக்குக் கூட்டிவிடுங்கள். கோடைத் தீ வந்தால் ஓஸ் உருகிவிடும். ஜாயின்ட் மாட்டும்போது ஓஸ் முனையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் வைத்துத் தள்ளி, சூடு ஆறிய பிறகு இரண்டு கிளிப்பை முறுக்குங்கள்.

5,000 லிட்டர் டேங்க் ஒன்றைவிட 1,000 லிட்டர் டேங்க் ஐந்து நல்லது. ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக அவ்வளவுதான் ஏற்ற முடியும், ஒன்று வெடித்தாலும் மற்றவை நிற்கும். அடித்தளம் சமமான கான்கிரீட்டாக இருக்கட்டும், கல்மேல் உட்கார்ந்த டேங்க் அடியில் கீறும். கீழ் வீடுகளில் குழாயைத் திறந்தால் மேல் வீடுகளுக்கு வராது, சண்டை அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனி கேட் வால்வு வைத்து, கீழ்க்கிளையைப் பாதி மூடி, மேல் வீட்டில் ஒரு குடம் நிறையும் நேரத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் சுத்தம் என்று சொல்ல முடியாது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் மருந்து வேலை செய்யாது. மழை நாளில் டேங்குக்கு வரும் வால்வை மூடி, இருப்பதைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

பெருமழைக்கு மறுநாள் காலையில் ஊற்றுக்குப் போக இரண்டு பேர் முறை வைத்திருக்க வேண்டும். அட்டைப்பூச்சி ஏறும் நேரம், உப்புப் பொட்டலம் இருக்கட்டும். கையில் கத்தி, ஸ்க்ரூடிரைவர், நான்கு கிளிப், இரண்டு ஜாயின்ட், ஒரு துண்டு கொசுவலை, பழைய சைக்கிள் டியூப். கிளிப் தீர்ந்தால் டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றினால், குலசேகரம் போய்ச் சாமான் வாங்கி வரும்வரை ஜாயின்ட் தாங்கும்.